நடுவரைத் திட்டும் முன் மைதானத்துக் கோடுகளைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் வேலூர் பதிப்பில், எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த மாணவர் கால்பந்து இறுதி ஆட்டம் தகராறில் முடிந்தது பற்றி ஒரு செய்தி வந்திருந்தது. நடுவரின் தவறான முடிவால் ரகளை என்று தலைப்பு. அந்த ஆட்டத்தை நான் சைடு லைனுக்குப் பக்கத்தில் நின்று கடைசி வரை பார்த்தேன். நடுவர் இளைஞர். நன்றாக ஓடினார், சட்டம் தெரிந்தவர், யாருக்கும் சாய்ந்து பேசவில்லை. அவர் மேல் பழியைப் போட்டது நியாயமே இல்லை. அதைச் சொல்லவும், அந்தத் தகராறு உண்மையில் எங்கிருந்து கிளம்பியது என்று விளக்கவும்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குடியாத்தம் பக்கத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வடஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்த கடைசிக் காலத்தில் வேலையில் சேர்ந்தேன். இன்று அது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்காகிவிட்டது. குறுவட்டப் போட்டி, பாரதியார் தினப் போட்டி என்று மாணவிகள் ஆட்டம் பலவற்றுக்கு விசில் பிடித்திருக்கிறேன். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் பையன்களுக்குக் கால்பந்து என்றால் உயிர். பாலாற்று மணலில் செருப்பைக் கழற்றி கோல் போஸ்ட்டாக வைத்து ஆடி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆற்று மணலில் ஆடும்போது கோடு வேண்டியதில்லை. கோப்பை, சான்றிதழ், அடுத்த கட்டத் தேர்வு என்று வந்துவிட்டால் கோடு இல்லாமல் ஒரு நிமிடம்கூட ஆட்டம் நடக்காது. இந்த வித்தியாசத்தை நம் போட்டி அமைப்பாளர்கள் பலர் இன்னும் உணரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்கள், ஒன்றுக்கு ஒன்று சமநிலை. வலது ஓரத்திலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு உள்ளே வெட்டிய பையனை, பின்னால் ஓடி வந்த டிஃபெண்டர் காலில் தட்டி விழுத்திவிட்டான். ஃபவுல் என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகமில்லை. கோலுக்கு முன்னால் கோடு போட்டுக் காட்டும் பெனால்டி பாக்ஸுக்கு உள்ளேயா, வெளியேயா என்பதுதான் கேள்வி. உள்ளே என்றால் கீப்பரை மட்டும் எதிர்த்து அடிக்கும் பெனால்டி, வெளியே என்றால் ஃப்ரீ கிக். அந்த பாக்ஸின் முன்கோட்டைக் காலையில் ஒருவர் பிளாஸ்டிக் மக்கில் பவுடரை எடுத்துக் கையாலேயே தூவிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். கயிறும் பிடிக்கவில்லை, அளவும் பார்க்கவில்லை. மூன்றாம் இடத்துக்கான ஆட்டமும் அதே மைதானத்தில் முன்னதாக நடந்ததால் அந்தக் கோட்டில் பாதி மண்ணோடு மண்ணாகிவிட்டது. நடுவர் மிச்சமிருந்த வெள்ளையைப் பார்த்தார், வெளியே என்று ஃப்ரீ கிக் கொடுத்தார். அவ்வளவுதான், ஒரு கூட்டம் உள்ளே இறங்கிவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு என் பையில் எப்போதும் இருக்கும் டேப்பை எடுத்து, அங்கே நின்ற இரண்டு மாணவர்களைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். “இன்னா மிஸ், அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே, இப்ப போயி அளந்துக்கினு கீறீங்க?” என்று அமைப்பாளர் ஒருவர் கேட்டார். கோல் போஸ்ட்டுகள் நிற்கும் கோல் லைனிலிருந்து பாக்ஸின் முன்கோடு 16.5 மீட்டர் இருக்க வேண்டும். இடது மூலையில் சரியாக இருந்தது. வலது மூலையில் 15 மீட்டர்கூட இல்லை. பையன் விழுந்த இடம், போட்டிருந்த கோட்டுக்கும் கோடு இருக்க வேண்டிய 16.5 மீட்டருக்கும் நடுவில். அதாவது போட்டிருந்த கோட்டின்படி அது வெளியே, சட்டப்படி பாக்ஸ் இருக்க வேண்டிய இடத்தை வைத்துப் பார்த்தால் உள்ளே. நடுவர் சொன்னதும் சரி, பெனால்டி கேட்டுக் கத்தியவர்கள் சொன்னதும் சரி. தப்பு, காலையில் கோடு போட்ட விதத்தில்.

ஒன்றரை மீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். உறுதியான கோல் வாய்ப்பை ஒரு டிஃபெண்டர் ஃபவுல் செய்து தடுத்தால், அது பாக்ஸுக்கு வெளியே என்றால் அவருக்குச் சிவப்பு அட்டை, எதிரணிக்கு ஃப்ரீ கிக். அதுவே பாக்ஸுக்கு உள்ளே, அவர் பந்தை எடுக்க முயன்றுதான் மோதினார் என்றால், பெனால்டியும் மஞ்சள் அட்டையும்தான். ஆக, ஒரு பையன் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டுமா, ஆட்டம் பெனால்டிக்குப் போக வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு கோடு. அதை மக்கில் அள்ளித் தூவலாமா?

கால்பந்து பிறந்தபோதே இந்தக் கோடுகள் இருந்தன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இங்கிலாந்தில் 1863-ல் எழுதிய முதல் விதிகளில் மைதானத்தின் எல்லைக்குக் கொடிகள் மட்டும்தான். கோடுகள் பின்னால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு சண்டையைத் தீர்ப்பதற்காக வந்தவை. அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம் என்ற கோல் கீப்பர் முன்வைத்த யோசனைதான் பெனால்டி கிக். அது 1891-ல் சட்டமானது. கோலிலிருந்து 12 கெஜத்தில் மைதானத்தின் குறுக்கே ஒரு கோடும் அதோடு வந்தது. அதுவரை வெளியே நின்றுகொண்டிருந்த ரெஃப்ரியும் அதே 1891-ல்தான் மைதானத்துக்குள் வந்தார். இரண்டு அணிகளின் அம்பயர்கள் லைன்ஸ்மேன், அதாவது ஓரக்கோட்டில் கொடியோடு ஓடும் துணை நடுவர்கள், ஆனார்கள். நடுவருக்கு அதிகாரமும், அந்த அதிகாரத்துக்குத் துணையாகத் தரையில் கோடும் ஒரே சமயத்தில் வந்திருக்கின்றன. இன்றைய பெனால்டி பாக்ஸும் அதற்குள் இருக்கும் சின்ன பாக்ஸும் 1902-ல் வந்தன. பாக்ஸின் முன்கோட்டுக்கு வெளியே இருக்கும், ‘டி’ என்று நாம் சொல்லும் வளைவு 1937-ல்தான் வந்தது.

அந்த ‘டி’யைப் பற்றி நம் ஊர்களில் இருக்கும் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ‘டி’க்குள் ஃபவுல் நடந்தால் பெனால்டி கேட்டு ஆட்களே கிளம்பி வருகிறார்கள். ‘டி’ பெனால்டி பாக்ஸைச் சேர்ந்ததே அல்ல. பெனால்டி அடிக்கும்போது மற்ற ஆட்டக்காரர்கள் எல்லாரும் பெனால்டி புள்ளியிலிருந்து 9.15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். புள்ளி கோல் லைனிலிருந்து 11 மீட்டர், பாக்ஸின் முன்கோடு 16.5 மீட்டர். அப்படியானால் பாக்ஸுக்கு வெளியே நின்றாலும் நேர் எதிரே 5.5 மீட்டர் தூரம்தான் கிடைக்கிறது. குறைகிற தூரத்தைக் காட்டத்தான் அந்த வளைவு. பெனால்டி நேரத்தைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. கோல் கீப்பர் அந்த வளைவுக்குள் பந்தைக் கையால் தொட்டால் ஹேண்ட் பால்தான்.

கோடு எந்தப் பகுதியைச் சுற்றி நிற்கிறதோ அந்தப் பகுதியைச் சேர்ந்தது. இது முதல் பாடம், இதையே பலர் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். பாக்ஸ் கோட்டின் மேல் டிஃபெண்டர் ஃபவுல் செய்தால் பெனால்டி. கோல் கீப்பர் விஷயத்தில் பந்து எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு, அவர் கால் எங்கே என்பது அல்ல. கால் இரண்டும் பாக்ஸுக்கு உள்ளே, கை மட்டும் நீண்டு வெளியே இருக்கும் பந்தைத் தொட்டால் ஹேண்ட் பால். கால் வெளியே இருந்தும் பந்து கோட்டின் மேல் இருக்கும்போது தொட்டால் குற்றமில்லை.

பந்து வெளியே போனது எப்போது? முழுப் பந்தும் கோட்டை முழுவதுமாகத் தாண்டியிருக்க வேண்டும், தரையிலானாலும் காற்றிலானாலும். ஒரு பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர் வரை, அப்படியானால் குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர். கோட்டின் அகலம் அதிகபட்சம் 12 சென்டிமீட்டர். பந்து தரையைத் தொடும் இடம் கோட்டுக்கு வெளியே போய்விட்டாலும், பந்தின் வயிற்றுப்பகுதி கோட்டின் வெளி ஓரத்துக்கு மேல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் அது உள்ளேதான். 2022 உலகக் கோப்பையில் ஜப்பானும் ஸ்பெயினும் மோதிய ஆட்டம் நினைவிருக்கும். ஜப்பானின் மிட்டோமா கோல் லைனில் காலால் எட்டி உள்ளே திருப்பிய பந்தை அவர் அணியின் தனாகா கோலாக்கினார். டிவியில் பார்த்த எல்லாருக்கும் பந்து வெளியே போனதாகத்தான் தெரிந்தது. நேர் மேலிருந்து எடுத்த படத்தில் பந்தின் ஓரம் கோட்டின் மேல் நின்றது, அதுவும் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான கணக்கில். ஜப்பான் 2-1 என்று ஜெயித்தது, அதனால் அதே பிரிவில் இருந்த ஜெர்மனி போட்டியை விட்டே வெளியேறியது.

நமக்கு மேலிருந்து பார்க்கும் கேமரா கிடையாது. இருப்பது ஒரு லைன்ஸ்மேனின் கண்ணும் தரையில் இருக்கும் கோடும்தான். அந்தக் கோடு ஓரிடத்தில் இரண்டு விரல் அகலம், இன்னோரிடத்தில் ஒரு ஜாண் அகலம் என்று இருந்தால், ஒரே மாதிரி உருண்ட பந்து இங்கே வெளியே, அங்கே உள்ளே என்று ஆகிவிடும். எல்லாக் கோடுகளும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும் என்று விதி சொல்வதை யாரும் அழகுக்காக என்று நினைக்க வேண்டாம்.

கோல் லைனுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதன் அகலமும் கோல் போஸ்ட்டின் அகலமும் ஒன்றாக இருக்க வேண்டும். போஸ்ட்டின் பின் ஓரத்தோடு கோட்டின் வெளி ஓரம் சேர்ந்திருந்தால்தான் இரண்டு போஸ்ட்டுக்கும் நடுவில் பந்து எங்கே தாண்டியது என்று சொல்ல முடியும். நம் பள்ளிகளில் இரும்புக் குழாயை நட்டு போஸ்ட் என்கிறோம், அதற்கு முன்னாலோ பின்னாலோ தோன்றிய இடத்தில் கோட்டை இழுக்கிறோம். கோல் வாயில் கீப்பர் நின்று நின்று பள்ளம் விழுந்திருக்கும். அங்கே போட்ட பவுடர் முதல் கால் மணியிலேயே காணாமல் போகும். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லம்பார்டு அடித்த பந்து கோலின் மேல் பாரில் பட்டு, கோட்டுக்கு உள்ளே நன்றாகத் தள்ளி விழுந்து வெளியே வந்தது. கோல் கொடுக்கவில்லை. அங்கே கோடு தெளிவாகவே இருந்தது, இருந்தும் நடுவர் கண்ணுக்கு அது தப்பியது. அதன் பிறகுதான் 2014 உலகக் கோப்பைக்குக் கோல் லைன் தொழில்நுட்பம் வந்தது. கோடு நன்றாக இருக்கும் இடத்திலேயே இந்தக் கதி என்றால், கோடே அழிந்துபோன இடத்தில் நம் நடுவரிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம்? இடைவேளையில் கோல் வாயையும் பாக்ஸின் முன்கோட்டையும் ஒரு தடவை மறுபடி போட்டால் போதும். அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

கீப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கோலின் நடுவைத் தெரிந்துகொள்ள ஷூ நுனியால் தரையில் கீறிக்கொள்ளும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் நிறைய இருக்கிறது. அனுமதி இல்லாமல் மைதானத்தில் அடையாளம் போடும் ஆட்டக்காரருக்கு மஞ்சள் அட்டை. பயிற்சியாளர்கள் இதை முதலிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

நடுக்கோட்டைப் பலர் கிக்-ஆஃபுக்கு மட்டும் என்று நினைத்துப் போடாமலே விட்டுவிடுகிறார்கள். ஆஃப்சைடு என்பது எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆட்டக்காரரையும் தாண்டி முன்னால் நின்று பந்தை வாங்கும் குற்றம். ஒருவர் தன் சொந்தப் பாதியில் நின்றால் ஆஃப்சைடு கிடையாது. நடுக்கோட்டின் மேல் நிற்கிறவரும் எதிரணிப் பாதியில் இருப்பதாகக் கணக்கில் வரமாட்டார். தலை, உடம்பு, கால் இவற்றில் ஏதாவது கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும், கையைச் சேர்ப்பதில்லை. அந்தக் கோடு இல்லையென்றால் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவதும் தூக்காததும் அவர் மனம்போன போக்குதான். நம் ஊர் மைதானங்களில் நடுக்கோடு போக வேண்டிய இடத்தில் பெரும்பாலும் கிரிக்கெட் பிட்ச் இருக்கிறது, அதன் மேல் பவுடர் நிற்பதில்லை. அங்கே கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டுப் போட்டால் நிற்கும்.

இன்னொன்று, இதை ஓடிப் பார்த்த லைன்ஸ்மேன்கள்தான் அறிவார்கள். ஆஃப்சைடுக்குத் தரையில் கோடு கிடையாது, கடைசிக்கு முந்தைய டிஃபெண்டரோடு சேர்ந்து ஓடி, மனசிலேயே ஒரு கோடு இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த மனக்கோட்டுக்குக் கண் துணை தேடுவது பாக்ஸின் முன்கோட்டிடம்தான். முன்கோடு கோல் லைனுக்கு இணையாக இல்லாமல் சாய்ந்திருந்தால், லைன்ஸ்மேன் அறியாமலே அவர் பார்வையும் சாய்ந்துவிடும். நான் மேலே சொன்ன ஆட்டத்தில் முதல் பாதியில் ஆஃப்சைடு பற்றி எழுந்த முணுமுணுப்புக்கும் இதுதான் காரணம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

நடுவட்டம், கார்னர் வளைவு இவற்றைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. நடுவட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர், கிக்-ஆஃபின்போது எதிரணியை வெளியே நிறுத்த. ஆட்டம் பெனால்டி ஷூட் அவுட்டுக்குப் போனால், அடிப்பவரையும் கீப்பர்களையும் தவிர மற்றவர்கள் அந்த வட்டத்துக்குள்தான் நிற்க வேண்டும். கார்னர் வளைவின் ஆரம் 1 மீட்டர். கார்னர் கொடிக்கம்பத்தைப் பற்றி மட்டும் கோபமாகவே சொல்கிறேன். ஒன்றரை மீட்டருக்குக் குறையக் கூடாது, நுனி கூராக இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. நாம் இரண்டு அடி சவுக்குக் குச்சியைச் சீவி நட்டு அதில் ஒரு துணியைக் கட்டிவிடுகிறோம். ஓடி வரும் பிள்ளை அதன் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் யோசியுங்கள்.

சரி, கோட்டை எப்படிப் போடுவது? இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நீளமான டேப், நைலான் கயிறு, முளைக்குச்சிகள், நான்கு பிள்ளைகள் போதும். கொத்தனார் அஸ்திவாரத்துக்கு மூலை பார்க்கும் அதே 3-4-5 கணக்குதான். கோல் லைனில் 3 மீட்டர், சைடு லைனில் 4 மீட்டர் குறித்து, இரண்டு புள்ளிக்கும் நடுவில் 5 மீட்டர் வந்தால் மூலை நேர். பெரிய மைதானத்தில் 6-8-10 என்று எடுத்தால் பிசகு இன்னும் குறையும். நாலு மூலையும் வந்த பிறகு குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 90-க்கு 60 மீட்டர் மைதானம் என்றால் இரண்டு குறுக்களவும் 108 மீட்டர் 17 சென்டிமீட்டர் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் மைதானம் கோணல்.

பாக்ஸை அளக்கும்போது போஸ்ட்டின் உள் ஓரத்திலிருந்து அளக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். போஸ்ட்டின் உள் ஓரத்திலிருந்து இரு பக்கமும் 16.5 மீட்டர். நடுவில் கோலின் அகலம் 7.32 மீட்டர். மொத்தம் 40.32. சின்ன பாக்ஸுக்கு இதே மாதிரி 5.5 மீட்டர், மொத்தம் 18.32.

‘டி’ சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க நான் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு வழி உண்டு. பழைய கெஜக் கணக்கில் பெனால்டி புள்ளியிலிருந்து முன்கோடு 6 கெஜம், வளைவின் ஆரம் 10 கெஜம். மறுபடி அதே 6-8-10 முக்கோணம். ஆகவே வளைவு முன்கோட்டைத் தொடும் இடம், கோலின் நடுவுக்கு நேர் எதிரே உள்ள புள்ளியிலிருந்து இரு பக்கமும் 8 கெஜம், அதாவது 7.32 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கோலின் அகலமும் சரியாக அதே 8 கெஜம்தான். ஒரு கயிற்றை இரண்டு போஸ்ட்டுக்கும் நடுவே பிடித்து வெட்டிக்கொண்டால், அதையே முன்கோட்டின் நடுவிலிருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துப் பார்க்கலாம். டேப்கூடத் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம் தரையில் வந்து நிற்பதைப் பார்த்து அத்தனை சந்தோஷப்படுவார்கள். வீட்டு வாசலில் தினமும் கோலம் போட்டுப் பழகிய பெண் பிள்ளைகளிடம் அந்த வளைவைக் கொடுத்தால், கை நடுங்காமல், அகலம் மாறாமல் இழுத்துவிடுவார்கள். பையன்களைவிட அவர்களுக்கு அது நன்றாக வரும், இதை நான் பல வருஷம் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எதனால் கோடு போடுகிறோம் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். இன்றும் சில இடங்களில் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பைத்தான் தூவுகிறார்கள். சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்டால் கொதிக்கும். நீற்றிய பிறகும் அதன் காரம் போகாது. நம் வேலூர் வெயிலில் வியர்த்து நனைந்த உடம்போடு சறுக்கி விழும் பிள்ளையின் முட்டிக் காயத்தில் அது பட்டால் புண்ணாகும், கண்ணில் தெறித்தால் கருவிழியையே கெடுத்துவிடும். அப்படித் தெறித்தால் கசக்காமல், உடனே நிறையச் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கோடுகள் ஆபத்தில்லாதவையாக இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. சாக் பவுடர் போதும், அது கிடைக்கவில்லையென்றால் கல்மாவில் செய்த கோலமாவு மூட்டையாகவே கடையில் கிடைக்கிறது. மண்வெட்டியால் வாய்க்கால் மாதிரி வெட்டி அதில் பவுடரை நிரப்பினால் கோடு அழியாது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் கால் வைத்து எத்தனை பிள்ளைகளுக்குக் கணுக்கால் பிசகியிருக்கிறது என்பது எந்த உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டாலும் தெரியும்.

பல பள்ளிகளில் ஒரே மைதானம்தான், அதில் கபடி, கோ-கோ, ஓட்டப்பந்தயக் கோடுகளும் கிடக்கும். இட நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. சின்னப் பிள்ளைகள் ஆட்டத்துக்கு மைதான அளவைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது, யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் கால்பந்து நடக்கும் நாளில் மற்றக் கோடுகளைக் காலையிலேயே துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட வேண்டும். லைன்ஸ்மேன் எந்த வெள்ளையைப் பார்ப்பது என்று தவிக்கக் கூடாது.

பள்ளிக் கல்வித் துறைக்கும் மாவட்ட விளையாட்டு அலுவலர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக நான் கேட்டுக்கொள்வது இதுதான். போட்டிக்கு முந்தைய நாள் மாலையே மைதானத்தை அளந்து முளையடித்து வையுங்கள், அதிகாலையில் பவுடர் போடுங்கள். நடுவரையும் துணை நடுவர்களையும் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வரவழையுங்கள். மைதானத்தைச் சோதிப்பது அவர்கள் கடமைகளில் ஒன்று. இன்றைக்கு நம் பக்கத்தில் நடப்பது என்ன? நடுவர் பஸ் பிடித்து வந்து சேரும்போதே பிரமுகர் பந்தை உதைத்துத் தொடங்கி வைக்கத் தயாராக நிற்கிறார். அந்த நேரத்தில் “முன்கோடு கோணலாக இருக்கிறது, திருத்துங்கள்” என்று சொல்ல எந்த இளம் நடுவருக்குத் தைரியம் வரும்? சொன்னாலும் “கோடுதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்” என்ற பதில்தான் கிடைக்கும். நடுவர் கையெழுத்துப் போட்டு மைதானம் சரி என்று ஒப்புக்கொண்ட பிறகே ஆட்டம் தொடங்கும் என்று ஒரு நடைமுறை வந்தால், இந்த அட்ஜஸ்ட் பேச்சு தானாக நின்றுவிடும்.

தங்கள் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். தகராறு நடந்த ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது மைதானத்தில் கோடு இருந்ததா, அளந்து போட்டதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த இளைஞர் மறுநாள் என்னிடம் போனில் பேசினார். இனிமேல் விசில் பிடிக்கப் போவதில்லை என்கிறார். வீட்டில் அப்பா அம்மா செய்தியைப் படித்துவிட்டு வருத்தப்படுகிறார்களாம். நம் மாவட்டத்தில் நடுவர்கள் ஏற்கெனவே குறைவு, பெண் நடுவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் அளந்த அளவுகளையும், அன்று எடுத்த படங்களையும் இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். அவற்றைப் பார்த்துவிட்டு, அவர் முடிவு போடப்பட்டிருந்த கோட்டின்படி சரியானதே என்று நாலு வரியாவது தாங்கள் வெளியிட வேண்டும்.

அடுத்த குறுவட்டப் போட்டிகள் தொடங்குவதற்குள் குடியாத்தம், கே.வி.குப்பம், பேரணாம்பட்டு பக்கத்தில் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் நான் வந்து பிள்ளைகளோடு சேர்ந்து கோடு போட்டுக் காட்டத் தயார். பஸ் செலவு என்னுடையது. டேப்பும் கயிறும் என்னிடம் இருக்கின்றன, பள்ளி பவுடர் மட்டும் வாங்கி வைத்தால் போதும். தங்கள் அலுவலகத்துக்குத் தகவல் வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
குடியாத்தம்.